டிக்கிக்கு ஏற்ற சப்-வூஃபர் பெட்டி: அளவெடுப்பதிலிருந்து ட்யூனிங் வரை

காரில் பேஸ் வேண்டும் என்று முடிவு செய்ததும் பெரும்பாலோர் நேராகக் கடைக்குப் போய் 12 இன்ச் வூஃபர் ஒன்றைக் கைகாட்டுவார்கள். கடைக்காரர் அதற்கு ஒரு ரெடிமேட் பெட்டியை எடுத்துப் போடுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும்: டிக்கியில் சூட்கேஸ் நுழையவில்லை, ஸ்டெப்னியை வெளியே எடுக்க வழியில்லை, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும் தும்'. வரிசையைத் தலைகீழாக மாற்றினால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது. முதலில் டிக்கி, அடுத்து பெட்டி, கடைசியில்தான் வூஃபர்.

வூஃபரின் கோன் (நடுவில் அதிரும் கூம்பு) முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று அழுந்தும். அதே நொடியில் பின்பக்கக் காற்று தளரும். பெட்டி இல்லாவிட்டால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போய்விடும். வூஃபரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டால் 'கீச்' என்று மட்டும் கேட்பது இதனால்தான். பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பது பெட்டி. அதனால் ஒரே வூஃபர் ஒரு பெட்டியில் இறுக்கமாகவும், இன்னொன்றில் தொளதொள என்றும் ஒலிக்கும். வூஃபரின் விலையை வைத்து இதைக் கணிக்க முடியாது.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

உள்ளே கிடக்கும் குடை, ஷாம்பூ பாட்டில், பழைய செருப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இன்ச் டேப்போடு உட்காருங்கள். கம்பெனி சொல்லும் லிட்டர் கணக்கு ஒரு தோராயத்துக்கு மட்டும்தான் உதவும். 2024-ல் வந்த ஸ்விஃப்டுக்கு 265 லிட்டர், ஹூண்டாய் ஐ20-க்கு 311 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். மூலை முடுக்கெல்லாம் சேர்ந்த கணக்கு அது. செடான் என்பதால் மட்டும் இடம் தாராளமாக இருந்துவிடாது. 2008-ல் வந்த முதல் டிசையரில் டிக்கி 440 லிட்டர். 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதற்காக 2012-ல் காரைச் சுருக்கியபோது அது 316 லிட்டராகிவிட்டது. பிறகு வந்த மாடல்களில் ஓரளவு மீண்டது.

அளக்க வேண்டியவை: தரையின் அகலம், இரண்டு வீல் ஆர்ச்சுக்கும் நடுவே உள்ள அகலம், பின் சீட்டிலிருந்து டிக்கி வாசல் வரை ஆழம், பார்சல் ட்ரே வரை உயரம். பின் சீட்டின் முதுகு சாய்ந்திருப்பதால் தரையில் ஒரு ஆழமும் மேலே வேறு ஆழமும் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பலரும் மறக்கும் ஒன்று, டிக்கியின் வாய். செடானில் உள்ளே விசாலமாக இருக்கும், வாய் குறுகலாக இருக்கும். பல செடான்களில் பின் சீட் மடங்கவும் மடங்காது. உள்ளே அழகாகப் பொருந்தும் பெட்டி வாய் வழியாக நுழையாமல் வெளியே நிற்பது சகஜம். ஹாட்ச்பேக்கில் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை.

ஸ்டெப்னி மூடியைத் திறக்க எவ்வளவு இடம் வேண்டும் என்றும் பாருங்கள். இரவில் பைபாஸில் பஞ்சரானால், பெட்டியை முழுதாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுக்க வேண்டுமா, சற்று நகர்த்தினால் போதுமா என்பது பெரிய வித்தியாசம்.

சிஎன்ஜி கார் என்றால் கதை வேறு. வழக்கமான சிஎன்ஜி மாடலில் 60 லிட்டர் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். டாடா ஆல்ட்ரோஸ் சிஎன்ஜியில் 30 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டைத் தரைக்கு அடியில் படுக்க வைத்து 210 லிட்டர் இடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எப்படியானாலும் சிலிண்டர், அதன் பைப், வால்வு பக்கம் திருகாணி போடும் பேச்சே இல்லை. சிஎன்ஜி வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியில் போகும் ஆக்டிவ் சப்-வூஃபரை (ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், உள்ளேயே இருக்கும் வகை) பார்ப்பது புத்திசாலித்தனம்.

அளவெடுத்ததும் நேராக ஆசாரியிடம் ஓடாதீர்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, நினைத்த அளவில் ஒரு மாதிரிப் பெட்டி செய்து டிக்கியில் வையுங்கள். ஒரு வாரம் அதோடேயே காய்கறிக்கும் ஊருக்கும் போய்ப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதும் இந்த வாரத்தில் தெரிந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

என்னென்ன வகை, எது யாருக்கு

சீல்டு பெட்டி என்பது முழுக்க மூடியது. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போல் கோனைப் பிடித்து நிறுத்தும். சிறிய மூடிய பெட்டியில் காற்றையே ஸ்பிரிங்காக்கலாம் என்பதை அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் 1954-ல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் செய்து காட்டினார். பெட்டி சின்னது, கட்டுவது சுலபம், சின்னச் சின்ன அளவுப் பிழைகளை மன்னிக்கும், ஒலி இறுக்கமாக இருக்கும். மிருதங்கத்தில் தொப்பி வாசிக்கும்போது அடி விழுந்த இடமும் அது அடங்கும் இடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் இதுதான். அதே சத்தத்துக்குச் சற்றுப் பெரிய ஆம்ப் கேட்கும் என்பது இதன் குறை.

போர்ட்டட் பெட்டியில் ஒரு குழாயோ நீள் துளையோ இருக்கும். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலி வருகிறதல்லவா, அதே தத்துவம். பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீள அகலமும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும், இதுதான் பெட்டியின் ட்யூனிங். அதைச் சுற்றியுள்ள பேஸை வூஃபரோடு சேர்ந்து குழாயும் தரும். அதே ஆம்புக்குச் சத்தம் அதிகம். ஆனால் பெட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகும், கணக்குத் தப்பினால் ஒலி கெடும். ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை என்பதால் வூஃபருக்கு ஆபத்தும் உண்டு.

பேண்ட்பாஸ் பெட்டியில் வூஃபர் உள்ளே மறைந்திருக்கும். போர்ட் வழியாக மட்டும் சத்தம் வரும். கண்ணாடி முகப்பும் நீல விளக்குமாகக் கடையில் பளபளவென்று இருப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு குறுகிய எல்லைக்குள் காதைப் பிளக்கும், அதற்கு வெளியே ஒன்றும் இருக்காது. கணக்குப் போடத் தெரிந்தவர் கட்டினால் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். விளக்குக்காக வாங்க வேண்டாம்.

இவை தவிர வட்டமான பேஸ் ட்யூப், டிக்கியின் பக்கச் சுவர் வளைவுக்குள் ஒட்டிச் செய்யும் ஃபைபர் பெட்டி, ஸ்டெப்னிக் குழிக்குள் உட்காரும் மாடல்கள், 8 இன்ச் வூஃபரும் ஆம்பும் ஒன்றாக வரும் அண்டர்-சீட் வகை எல்லாம் உண்டு. அண்டர்-சீட் வகை 'பேஸ் கொஞ்சம் இருந்தால் போதும், டிக்கியைத் தொடாதே' என்பவர்களுக்கு. 12 இன்ச் பெட்டியோடு அதை ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். ஃபைபர் பெட்டி இடத்தை அருமையாக மிச்சப்படுத்தும். கை தேர்ந்தவர் கிடைப்பதுதான் கஷ்டம், கூலியும் கூடுதல்.

சின்ன காருக்கு சீல்டு ஏன் நன்றாக வேலை செய்கிறது

வீட்டு ஹாலில் சீல்டு பெட்டி சோகையாகக் கேட்கலாம். காருக்குள் அப்படியில்லை. ஒலி அலையின் பாதி நீளம் காரின் உள் நீளத்தைவிடப் பெரிதாகும்போது, கேபின் முழுவதும் ஒரே அழுத்த அறையாக நடந்துகொள்ளும். கீழே போகப் போகச் சத்தம் தானாகவே ஏறும். இதைக் கேபின் கெயின் என்பார்கள். ஹாட்ச்பேக்கின் உள் நீளம் சுமார் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகமான 343-ஐ 5.6-ஆல் வகுத்தால் 61 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வரை ஏற்றம் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. கதவு இடுக்கு, ஆடும் தகடு, திறந்த ஜன்னல் எல்லாம் சேர்ந்து நடைமுறையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

சீல்டு பெட்டியின் ஒலி கீழே இறங்கும் வேகமும் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான். ஒன்று இறங்க மற்றது ஏற, இரண்டும் கிட்டத்தட்டச் சமன் ஆகும். போர்ட்டட் பெட்டி ட்யூனிங்குக்குக் கீழே 24 டெசிபல் வேகத்தில் விழும், ஆனால் ட்யூனிங்குக்கு அருகில் ஏற்கெனவே கொடுக்கும் ஏற்றத்தோடு கேபின் கெயினும் சேர்ந்துகொள்ளும். 45, 50 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த மலிவான பெட்டி காருக்குள் ஒரே சுருதியில் முழங்குவதற்கு இதுவே காரணம். கடையில் பத்து நொடி டெமோவில் அதுதான் ஜெயிக்கும். திருச்சி வரை போய்வந்தால் தலைவலி வரும்.

என் கட்சி இதுதான்: ஹாட்ச்பேக், சின்ன எஸ்யூவி வைத்திருக்கும் குடும்பஸ்தர் சீல்டிலேயே தொடங்கலாம். கானா, குத்து, ஹிப்-ஹாப் மட்டுமே கேட்பவர், டிக்கியை இழக்கத் தயாராக இருப்பவர், 32 முதல் 36 ஹெர்ட்ஸுக்கு ஒழுங்காக ட்யூன் செய்த போர்ட்டட் பெட்டிக்குப் போகலாம். பேஸ் கிட்டாரின் அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போவது எலக்ட்ரானிக் பேஸ்தான். அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

செடானில் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே சீட்டும் தகடும் நிற்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளரும். பார்சல் ட்ரேயில் ஸ்பீக்கர் துளைகள் இருந்தால், அந்தப் பின் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு வலை மட்டும் போட்டு மூடுவது பேஸ் உள்ளே வர நல்ல வழி. மூடிய டிக்கிக்குள் வூஃபர் எவ்வளவு கத்தினாலும் அதில் பாதி நம்பர் பிளேட்டைத்தான் ஆட்டும்.

ஸ்பெக் தாளில் பார்க்க வேண்டிய சில எண்கள்

வூஃபர் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 1200 வாட்ஸை விடுங்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட்ஸ், எவ்வளவு என்று பாருங்கள். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் தாள். ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரின் பெயரில் வழங்கும் அளவீடுகள் அதில் இருக்கும். மூன்று எண்கள் போதும். எஃப்எஸ் என்பது வூஃபர் பெட்டியில்லாமல் இயல்பாக அதிரும் அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அது எவ்வளவு கட்டுப்பாட்டோடு நிற்கிறது என்பது. எண் சிறிதானால் கட்டுப்பாடு அதிகம். விஏஎஸ் என்பது கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்.

க்யூஇஎஸ் (அந்தக் கட்டுப்பாட்டில் காந்தமும் காயிலும் தரும் பங்கை மட்டும் சொல்வது) எண்ணும் இருந்தால், எஃப்எஸ்ஸை அதனால் வகுத்துப் பாருங்கள். விடை 50-க்குள் வந்தால் சீல்டு, 90, 100-க்கு மேல் வந்தால் போர்ட்டட், நடுவில் வந்தால் இரண்டும் ஓடும். கட்டைவிரல் கணக்குதான், இருந்தாலும் பெரிதாகத் தவறாது. இந்தத் தாளே இல்லாத வூஃபரை வாங்காதீர்கள். அதற்குப் பெட்டி செய்வது இருட்டில் ஊசி கோர்க்கிற வேலை.

சீல்டு பெட்டிக்குக் கணக்கு

ஒரு 12 இன்ச் வூஃபருக்கு எஃப்எஸ் 28, க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். க்யூஇஎஸ் 0.55 என்றால் மேலே சொன்ன வகுத்தல் 51 கொடுக்கும். 50-ஐ ஒட்டியே இருப்பதால் சீல்டுக்கு ஏற்றதே.

பெட்டிக்குள் போன பிறகு வரும் கட்டுப்பாட்டு எண்ணை க்யூடிசி என்பார்கள். 0.7 என்றால் தட்டையான, நிதானமான ஒலி. 0.9-ஐத் தாண்டினால் ஒரு வீக்கம் தெரியும், 1-க்கு மேல் கொழகொழ. காருக்கு 0.7 முதல் 0.9 வரை எதுவும் சரி. கணக்கு இது: வேண்டிய க்யூடிசியை க்யூடிஎஸ்ஸால் வகுங்கள், விடையை வர்க்கமாக்குங்கள், ஒன்றைக் கழியுங்கள், வருவதால் விஏஎஸ்ஸை வகுங்கள்.

0.707 வேண்டுமென்றால்: 1.414-இன் வர்க்கம் 2, ஒன்றைக் கழித்தால் 1. ஆக 60 லிட்டர். ஐ20 டிக்கியில் இது பெரிய ஆசை. 0.85 போதும் என்றால்: 1.7-இன் வர்க்கம் 2.89, ஒன்று போனால் 1.89, 60-ஐ வகுத்தால் கிட்டத்தட்ட 32 லிட்டர். பெட்டி பாதியாகிவிட்டது. ஒலியில் அதற்குக் கொடுக்கும் விலை என்ன? பெட்டிக்குள் வூஃபரின் இயல்பு அதிர்வெண் சுமார் 40-லிருந்து 48 ஹெர்ட்ஸுக்கு ஏறும். கேபின் கெயின் இருக்கும்போது இதைப் பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 'பெரிய பெட்டி என்றால் பெரிய பேஸ்' என்ற பேச்சை இந்த ஒரு கணக்கு முடித்துவிடும்.

32 என்பது உள்ளே மிஞ்ச வேண்டிய காற்று. வூஃபரின் காந்தமும் கூடையும் பிடிக்கும் இடம் சுமார் 2.5 லிட்டர், உள்ளே வைக்கும் தாங்கு கட்டைக்கு 1 லிட்டர், ஆக 35.5 லிட்டர் வரும்படி உள் அளவு வேண்டும். உள் அகலம் 44 செ.மீ., உயரம் 31.4 செ.மீ., ஆழம் 26 செ.மீ. என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 35.9. சரியாக இருக்கிறது. சீட்டின் சாய்வுக்கு ஏற்ப முதுகைச் சாய்க்க வேண்டுமென்றால் மேல் ஆழம் 22, கீழ் ஆழம் 30 என்று வையுங்கள். சராசரி 26-தான், கணக்கு மாறாது. மேலே 22 ஆக்கினாலும் காந்தத்துக்குப் பின்னால் நாலைந்து செ.மீ. இடைவெளி மிஞ்சுகிறதா என்று வூஃபரின் ஆழத்தோடு சரிபாருங்கள்.

18 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால் வெளி அளவு 47.6, 35, 29.6. டிக்கியில் இது அடைக்கும் இடம் 49 லிட்டர். பெட்டி மட்டும் 11 கிலோ கனக்கும், வூஃபரோடு 17, 18.

அமெரிக்கத் தாள்களில் கன அடியில் போட்டிருப்பார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். பெட்டி கொஞ்சம் சிறிதாகிவிட்டால் உள்ளே தலையணைப் பஞ்சை (பாலியெஸ்டர் வகை, இலவம் பஞ்சு அல்ல) தளர்வாக நிரப்புங்கள். பத்து, பதினைந்து சதவீதம் பெரிய பெட்டி போல நடந்துகொள்ளும்.

போர்ட்டட் பெட்டிக்குக் கணக்கு

இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். உங்கள் வூஃபருக்குக் கம்பெனியே போர்ட் அளவு கொடுத்திருந்தால், அதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். இல்லாவிட்டால் குழாய் நீளத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: குழாயின் உள் விட்டத்தை செ.மீ.-ல் வர்க்கமாக்கி 23,562-ஆல் பெருக்குங்கள். அதை, ட்யூனிங்கின் வர்க்கத்தையும் பெட்டியின் லிட்டரையும் பெருக்கி வந்த எண்ணால் வகுங்கள். கடைசியில் விட்டத்தை 0.73-ஆல் பெருக்கிக் கழியுங்கள்.

50 லிட்டர் பெட்டி, 34 ஹெர்ட்ஸ், 10 செ.மீ. குழாய் என்றால் 33 செ.மீ. நீளம் வரும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 4 இன்ச் பிவிசி பைப் கிட்டத்தட்ட இந்த விட்டம்தான். வாங்கும்போது உள் விட்டத்தை அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். 7.5 செ.மீ. குழாய் போட்டால் 17 செ.மீ. நீளம் போதும், ஆனால் சத்தத்தை ஏற்றியதும் காற்று 'புஸ் புஸ்' என்று சீறும். சீறலே வேண்டாம் என்று 10 செ.மீ. குழாய் இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் 74 செ.மீ.! பெட்டிக்குள் நுழையாது. போர்ட்டட் பெட்டி சின்னதாக அமையாததற்குக் காரணம் இந்தக் குழாய்தான். குழாயின் உள்முனைக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்டம் இடைவெளி விடுங்கள். குழாய் பிடிக்கும் 3 லிட்டர், வூஃபர், கட்டைகள் எல்லாம் சேர்த்தால் மொத்த உள் அளவு 57 லிட்டர். வெளி அளவு 75 லிட்டரைத் தொடும்.

நண்பரின் பெட்டியை அப்படியே நகல் எடுத்து, 'கொஞ்சம் சின்னதா அடிச்சுக்குவோம்' என்று 35 லிட்டரில் அதே குழாயைப் போட்டால் ட்யூனிங் 34-லிருந்து 41 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். பெட்டியைக் குறைத்தால் குழாயும் மாற வேண்டும்.

கட்டி முடித்ததும் ட்யூனிங்கைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, மிதமான சத்தத்தில் 50 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கோன் முதலில் நன்றாக ஆடும். இறங்க இறங்க ஆட்டம் குறையும். ஒரு இடத்தில் சத்தம் வந்துகொண்டே இருக்க, கோன் மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். குழாய் வாயில் கை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அதுதான் ட்யூனிங். அதற்கும் கீழே இறக்கினால் கோன் மறுபடி கண்டபடி துள்ளும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். 34-க்குப் பதில் 38-ல் நின்றால் குழாய் குட்டை என்று அர்த்தம். அதனால் குழாயை முதலில் இரண்டு செ.மீ. நீளமாகவே வெட்டுவது நல்லது. வெட்டிக் குறைக்கலாம், இழுத்து நீட்ட முடியாது.

மரமும் ஆசாரியும்

பெட்டி ஆடவே கூடாது என்பதுதான் ஒரே விதி. 18 மி.மீ. எம்டிஎஃப் கனமானது, சீரானது, வட்டம் வெட்டினால் சுத்தமாக வரும். தண்ணீர்தான் அதற்கு எமன். மழைக்காலத்தில் நனைந்த குடையைப் போடும் டிக்கி என்றால், அல்லது தெருவில் தண்ணீர் தேங்கும் பகுதி என்றால், ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் பிளை 18 மி.மீ. வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் உப்பாது. பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், திருகாணி பிடிக்காது. ரெடிமேட் பெட்டிகளில் கார்பெட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது சில சமயம் இதுதான். வூஃபர் துளை வழியாக வெட்டு முகத்தைப் பார்த்தால் சிராய் சிராயாகத் தெரிந்துவிடும்.

நம் ஆசாரிகள் அலமாரி செய்வதில் கெட்டிக்காரர்கள். காற்றுப் புகாத பெட்டி அவர்களுக்குப் புது வேலை, அதனால் வெறும் அளவை மட்டும் கொடுக்காமல் சிலவற்றை வாயால் சொல்லுங்கள். "அண்ணே, இது உள் அளவு, வெளி அளவு இல்லை" என்பதுதான் முதல் வாக்கியம். எல்லா மூட்டிலும் பசை முழு நீளத்துக்கும் ஓட வேண்டும், ஆணி மட்டும் போதாது. எம்டிஎஃப் விளிம்பில் திருகாணி இறக்கும் முன் சின்ன துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துகொள்ளும். வூஃபர் உட்காரும் முகப்பை இரட்டைப் பலகையாகச் செய்தால் நல்லது. அப்படிச் செய்தால் ஆழக் கணக்கில் 1.8 செ.மீ. சேர்க்க மறக்காதீர்கள். வூஃபர் துளையின் விட்டத்தைத் தாளிலிருந்து எடுங்கள். எல்லா 12 இன்ச்சும் ஒரே அளவு அல்ல. 30 செ.மீ.-க்கு மேல் அகலமான பலகைக்கு நடுவில் ஒரு தாங்கு கட்டை வேண்டும்.

உள் மூலைகளில் சிலிகான் அடித்து அடைத்த பிறகு, வினிகர் வாடை போகும்வரை, குறைந்தது ஒரு நாள், வூஃபரை மாட்டாதீர்கள். அந்த ஆவி வூஃபரின் பசைக்கும் விளிம்புக்கும் ஆகாது.

சீல்டு பெட்டியில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க, வூஃபரை இறுக்கிய பின் இரண்டு கை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து, மெதுவாக, நேராக உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கம். டக்கென்று திரும்பினால் எங்கோ காற்று போகிறது. பெரும்பாலும் ஒயர் டெர்மினல் துளை அல்லது வூஃபர் விளிம்பு. ஃபோம் டேப் ஒன்றைச் சுற்றி ஒட்டினால் தீரும்.

ரெடிமேட் வாங்குவதானால்

சென்னையில் ஜி.பி. ரோட்டில் ஒரு மத்தியானம் நடந்தால் பத்து வகைப் பெட்டி பார்த்துவிடலாம். உள் அளவு எத்தனை லிட்டர், போர்ட் இருந்தால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்ச் டேப்பை எடுத்து நீங்களே அளக்கலாம், மேலே சொன்ன கணக்கு கையில் இருக்கிறதே. பக்கத்துப் பலகையில் விரல் மடக்கித் தட்டுங்கள்: 'டொக்' என்றால் சரி, 'டம்' என்று முழங்கினால் பலகை மெலிது. வூஃபர், பெட்டி, ஆம்ப் மூன்றும் ஒரே கம்பெனி சேர்த்துத் தரும் செட் என்றால் கணக்கை அவர்களே போட்டிருப்பார்கள். நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல தேர்வு. டெமோவுக்குக் கடை போடும் பாட்டை ஏற்காமல், உங்கள் பென் டிரைவில் இருக்கும் பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

வைப்பதும் கட்டுவதும்

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில் சட்டம் கிடையாது. ஹாட்ச்பேக்கில் பின் கதவைப் பார்த்து, அதற்கு நெருக்கமாக வைத்துத் தொடங்குங்கள். செடானிலும் பின்னால் பார்த்து வைப்பது பெரும்பாலும் ஒத்துவரும். பிறகு மேலே பார்த்து, பக்கவாட்டில் என்று திருப்பி, டிக்கியை மூடி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். பத்து நிமிட வேலை, வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிக்கி திறந்திருக்கும்போது கேட்டது கணக்கில்லை.

திடீர் பிரேக்கில் 18 கிலோ பெட்டி சும்மா இருக்காது. எல்-பிராக்கெட் போட்டோ, டிக்கியில் இருக்கும் கொக்கிகளில் ஸ்ட்ராப் போட்டோ கட்டுங்கள். தரையில் துளை போடும் முன் காருக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பெரும்பாலான கார்களில் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

ஒயரிங் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே இரண்டு மட்டும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.-க்குள் ஃபியூஸ் கட்டாயம். ஆம்பில் ஃபியூஸ் இருக்கிறதே என்ற சமாதானம் செல்லாது, அது ஆம்பைத்தான் காக்கும், ஒயரை அல்ல. ஒயர் சுத்தமான காப்பர் என்று உறுதி செய்யுங்கள். அலுமினியத்துக்குக் காப்பர் பூசிய ஒயர் அதே பருமனில் குறைவாகத்தான் மின்சாரம் தாங்கும். வாரண்டி இருக்கும் காரில் கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் (செருகும் இணைப்பு) போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ட்யூனிங்

ஆம்பில் லோ-பாஸை (அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். செட்டில் (கார் ஸ்டீரியோவில்) வசதி இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸும் (கீழுள்ளதை வெட்டுவது) அதே 80. பேஸ் பூஸ்ட் பூஜ்யம். போர்ட்டட் பெட்டி என்றால் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) இல்லாத ஆம்பை வாங்கவே வேண்டாம்; 34-க்கு ட்யூன் செய்த பெட்டிக்கு 28 பக்கம் வையுங்கள்.

ஆம்பில் உள்ள கெயின் குமிழ் வால்யூம் அல்ல, செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவது. வூஃபரைக் கழற்றிவிட்டு, செட்டில் முக்கால் வால்யூமில் 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். எத்தனை வோல்ட் வேண்டும் என்பதற்கு, வூஃபரின் ஆர்எம்எஸ் வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். ஆம்பின் சக்தி வூஃபரைவிடக் குறைவு என்றால் ஆம்பின் வாட்ஸையே கணக்கில் எடுங்கள். கெயினைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்தினால் வேலை முடிந்தது, பிறகு அந்தக் குமிழைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிக் கேட்டு, எதில் பேஸ் டேஷ்போர்டுப் பக்கமிருந்து வருவதுபோல் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். பிறகு 30-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை டோனை மெதுவாக ஓட்டி, கார் எங்கெல்லாம் கடகடக்கிறது என்று தேடுங்கள். நம்பர் பிளேட், பார்சல் ட்ரே, சீட் பெல்ட் கொக்கி, டிக்கி மூடியின் உள்தகடு என்று வரிசையாக மாட்டும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப், தகடுகளுக்கு ப்யூட்டைல் டேம்பிங் ஷீட்.

ஒரு மாதம் ஓடிய பிறகு வூஃபர் திருகாணிகளை ஒருமுறை கையால் இறுக்கிவிடுங்கள். ஃபோம் டேப் அமுங்கி அவை சற்றுத் தளர்ந்திருக்கும். இறுக்கும்போது வீல் நட்டுகள் போல் எதிரெதிர் திருகாணியாக மாற்றி மாற்றி இறுக்குங்கள், பவர் டிரில் வேண்டாம். எம்டிஎஃப்பில் மரை போய்விட்டால் துளையை இடம் மாற்றித்தான் போட வேண்டியிருக்கும்.